பொறியைப் பேணுதல்

ஒரு பொருளைப் புதிதாக ஆக்குவதற்கு அறிவு வேண்டும். ஆக்கிய பொருளை நெடுங்காலம் காப்பதற்கு அறிவோடு பொறுமையும் வேண்டும். ஆக்கியவரை உலகம் அறிகின்றது. அவர்தம் பெயர் நூல்களில் இடம்பெறுகின்றது. காப்பவரோ பெரும்பாலும் பெயரின்றியே மறைகின்றார். ஆயினும், ஏர் முதல் உந்துவண்டி வரை மனிதன் கண்ட கருவிகள் யாவும் காப்பவர் கையிலேயே உயிர் வாழ்கின்றன. இவ்வுண்மையை ஒரு பழைய புல் வெட்டும் பொறியைக் கொண்டு நன்கு உணரலாம்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரிகள் நிறைந்த நாடு என்று கூறுவர். அச்சீமையைச் சேர்ந்த ஊர்களுள் ஒன்று ஒரகடம். இராமானுசர் தோன்றிய ஸ்ரீபெரும்புதூர் இதற்கு வடக்கே உள்ளது. முருகன் கோயிலால் பெயர் பெற்ற வல்லக்கோட்டை அணித்தே உள்ளது. வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் இவ்வூரில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. முன்னாளில் ஏரிநீர் பாய்ந்த வயல்களும், ஆடுமாடுகள் மேய்ந்த மேட்டு நிலங்களும் இருந்த இடங்களில் இந்நாளில் நெடிய மதில்கள் எழுந்துள்ளன. 2010-ஆம் ஆண்டில் ரெனோ நிசான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் சரக்குந்துத் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இப்பகுதியில் இயங்கத் தொடங்கின. இரவும் பகலும் புதிய வண்டிகள் வாயில்களைக் கடந்து வெளியேறிய வண்ணம் இருக்கின்றன.

இம்மதில்களுக்கு அப்பால், ஒரு சிற்றூரில், எழுபது வயதைக் கடந்த உழவர் ஒருவர் வாழ்கின்றார். அவரிடம் எஞ்சியிருப்பவை மூன்று ஏக்கர் மேட்டு நிலமும், ஆறு கறவைப் பசுக்களும், ஒரு பழைய டிராக்டரும், அதனினும் பழையதான புல் வெட்டும் பொறி ஒன்றுமே ஆகும். இளமையில் அவர் ஒரு கால்நடைப் பண்ணையில் கம்மியராகப் பணியாற்றினார். அங்கே தாம் பல்லாண்டு பேணிய பொறியைப் பின்னர் ஏலத்தில் விட்டபோது, வேறு எவரும் விரும்பாத அதனைத் தாமே விலைக்கு வாங்கி வந்தார். மேட்டு நிலத்தில் அவர் விளைவிப்பது கொழுக்கட்டைப் புல். கொங்கு நாட்டுக் கொரங்காடுகளில் காங்கேயம் மாடுகளை வளர்க்கும் புல் இதுவே. வடகிழக்குப் பருவமழையில் தழைத்து, தை மாதத்தில் இது பூக்கத் தொடங்கும். பூக்கும் தறுவாயில் அறுத்து உலர்த்தினால் சத்துக் குறையாது. காலம் தாழ்த்தினால் தண்டு முற்றி நாராகிவிடும். பசு அதனை மென்று துப்பும்.

கோடையில் ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு ஆறு கிலோ உலர்தீவனம் என்று கொண்டால், ஆறு பசுக்களுக்கு மூன்று மாதங்களுக்கு மூன்று டன்னுக்கு மேல் வேண்டும். அதனை விலை கொடுத்து வாங்கினால் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் வைக்கோலுக்கே போய்விடும். ஆதலின், தை மாதத்தில் வானம் தெளிந்திருக்கும் சில நாள்களே அவருடைய ஓராண்டு வாழ்வை உறுதி செய்வன.

இனி, அப்பொறியின் இயல்பைச் சிறிது காண்போம். கருக்கரிவாளால் புல் அறுப்பவர் இடக்கையால் புல்லைப் பற்றிக்கொண்டு வலக்கையால் அரிவாளை இழுக்கின்றார். பற்றும் கை இல்லையேல் புல் வளைந்து கொடுக்குமேயன்றி எளிதில் அறுபடாது. பாக்குவெட்டியிலும் அவ்வாறே; கீழலகு தாங்க, மேலலகு வெட்டுகின்றது. இவ்விரண்டின் நுட்பமும் புல் வெட்டும் பொறியில் அமைந்துள்ளது. டிராக்டரின் வலப்புறத்தே, தரையை ஒட்டி, ஐந்தடி நீளமுள்ள இரும்புச் சட்டம் ஒன்று நீண்டு கிடக்கும். அதன் முன்விளிம்பில், மூன்று அங்குலத்திற்கு ஒன்றாக, இருபது இரும்பு விரல்கள் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு விரலிலும் எஃகாலான அடித்தகடு ஒன்று உண்டு. இவ்விரல்களின் ஊடே, முக்கோண வடிவான இருபது கத்தித் தகடுகளைத் தாங்கிய நீண்ட பட்டை ஒன்று வலமும் இடமுமாக ஓடும். விரல்கள் புல்லைப் பற்றும், தகடுகள் வெட்டும்.

கத்தியை ஓட்டும் ஆற்றல் டிராக்டரிலிருந்து வருகின்றது. பி.டி.ஓ. எனப்படும் பின்தண்டு நிமிடத்திற்கு 540 முறை சுழல, வார்ப்பட்டை அவ்வேகத்தைப் பெருக்கிக் கனத்த சக்கரம் ஒன்றைச் சுழற்றும். சக்கரத்தின் முளையில் பிணைந்துள்ள பிட்மேன் என்னும் கோல், அச்சுழற்சியை முன்பின் ஓட்டமாக மாற்றிக் கத்திக்கு அளிக்கும். சக்கரம் நிமிடத்திற்கு ஆயிரம் முறை சுழலுமாயின், ஒரு நொடிக்குள் முப்பதுக்கு மேற்பட்ட வெட்டுகள் நிகழும். இத்துணை விரைவாக ஓடும் உறுப்புகளில் ஒரு நூலளவு பிழை நேரினும் அது பெரிதாக வெளிப்படும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வமைப்பு ஒருவரால் ஒரு நாளில் காணப்பட்டதன்று. ஸ்காத்லாந்தில் பேட்ரிக் பெல் என்பார் 1828-இல் ஓர் அறுவடைப் பொறியை இயக்கிக் காட்டினார். அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் 1831-இல் தம் பொறியை வயலில் ஓட்டினார். ஓபெட் ஹசி 1833-இல் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் குதிரைகள் இழுத்தன. பொறியின் சக்கரம் தரையில் உருளும் வேகத்தைக் கொண்டே கத்தி ஓடிற்று. குதிரை நின்றால் கத்தியும் நின்றது. 1918-ஆம் ஆண்டளவில் டிராக்டரின் ஆற்றலைத் தண்டின் வழியே பொறிக்கு நேரே செலுத்தும் முறை விற்பனைக்கு வந்தது. அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன், கருவியை டிராக்டரோடு மூன்று முனைகளில் பிணைக்கும் முறையை வகுத்தார். 1939-இல் ஃபோர்டுடன் இணைந்து வெளியிட்ட டிராக்டரின் வாயிலாக அம்முறை உலகெங்கும் பரவிற்று. தமிழகத்தில் 1960-இல் டாபே நிறுவனம் தோன்றிற்று. சென்னையிலேயே மாசி பெர்குசன் டிராக்டர்கள் செய்யப்பட்டன. இந்திய நாட்டில் உலர்புல் செய்யும் பணியைப் பெரிய அளவில் மேற்கொண்டவை இராணுவப் பண்ணைகள். அவற்றுள் முதலாவது 1889-இல் அலகாபாத்தில் நிறுவப்பட்டது; அப்பண்ணைகள் 2021-இல் மூடப்பட்டன. உழவர்களின் கைகளிலோ அரிவாளே பெரும்பாலும் நின்றது. ஆதலின், இவ்வகைப் பொறியைச் செப்பனிட அறிந்தவர் நம் நாட்டில் என்றுமே மிகச் சிலராவர்.

பெரியவரின் மகள்வயிற்றுப் பேரன் பாலிடெக்னிக்கில் பயின்றவன். அணித்தே உள்ள ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவன். ஓர் ஆண்டு, பொங்கல் விடுமுறைக்கு அவன் தாத்தாவின் வீட்டிற்கு வந்திருந்தான். புல் பூத்து நின்றது; வானம் தெளிந்திருந்தது. ஆனால் பொறி பழுதுற்றுக் கிடந்தது. புல்லை அறுப்பதற்கு மாறாக அது மென்று கசக்கிற்று. சட்டத்தின் வெளிக்கோடியில் ஒரு சாண் அகலத்திற்குப் புல் வெட்டுப்படாமலே நின்றது. பத்தடிக்கு ஒருமுறை விரல்களில் புல் அடைத்துக்கொண்டது. கத்தியின் தலைப்பகுதியில் இடைவிடாத தட்டொலி கேட்டது.

"தகடுகள் மழுங்கிவிட்டன; அவற்றை மாற்றினால் போதும்" என்றான் பேரன். நெல் அறுவடைப் பொறிகளுக்கு விற்கப்படும் தகடுகளில் அளவும் துளையும் ஒத்தவற்றைத் தேர்ந்து வாங்கி வந்தான். பல்விளிம்புள்ள தகடு காய்ந்த தாளுக்கும், வழவழப்பான விளிம்புள்ள தகடு பசும்புல்லுக்கும் ஏற்றது என்று பெரியவர் சொல்லியிருந்தமையால் வழவழப்பானவற்றையே வாங்கினான். பழைய தகடுகளை வைஸில் பிடித்து, ரிவிட்டுகளைச் சுத்தியலால் அறுத்தெறிந்து, புதியனவற்றை அடித்துப் பொருத்தினான். மாலையில் பொறியை ஓட்டினார்கள். புல் முன்போலவே மெல்லப்பட்டது.

இளைஞன் சோர்ந்தான். "தாத்தா, இதற்கு மேல் இதனோடு போராடுவதில் பயனில்லை. பழைய இரும்பு வாங்குபவர் இருமுறை வந்து விலை கேட்டுச் சென்றாராம். கொடுத்துவிடலாம். எங்கள் தொழிற்சாலையில் ஓர் உறுப்புத் தேய்ந்தால் அன்றே எடுத்தெறிந்துவிட்டுப் புதியதை வைப்போம். தேய்ந்ததைக் கொஞ்சிக்கொண்டிருக்க மாட்டோம்" என்றான்.

பெரியவர் சினம் கொள்ளவில்லை. "தம்பி, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ கத்தியைக் குறை சொன்னாய், கத்தியை மாற்றினாய். இப்பொழுது பொறி முழுவதையும் குறை சொல்கின்றாய். பிழை எங்கே என்று நாம் இன்னும் பார்க்கவே இல்லையே! நாளைக் காலையில் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்துத் தம் மடியில் செருகிக்கொண்டார் பெரியவர். வெட்டுச் சட்டத்தின் கீழ்க் கட்டை வைத்தார். பேரன் சக்கரத்தைக் கையால் சுழற்றப் போனான். பெரியவர் உரத்த குரலில் அவனைத் தடுத்தார்; பின்பு தம் இடக்கையை நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் முதற்கணுவோடு நின்றிருந்தன. அவை பிறவிக் குறை என்றே பேரன் அந்நாள் வரை எண்ணியிருந்தான்.

"அன்று எஞ்சின் ஓடவில்லை. சாவியும் என்னிடமே இருந்தது. விரலில் அடைத்த புல்லை எடுத்துக்கொண்டிருந்தேன். உடன் இருந்தவர் வார்ப்பட்டையைச் சரி செய்வதற்காகச் சக்கரத்தைச் சிறிது திருப்பினார். கால் சுற்றுத்தான். பொறி நின்றுவிட்டது என்று நாம் எண்ணுகின்றோம். கத்தி அவ்வாறு எண்ணுவதில்லை. ஒருவர் கை உள்ளே இருக்கும்போது மற்றொருவர் எதையும் தொடலாகாது. சொல்லிவிட்டுச் சுழற்று, கேட்டுவிட்டுக் கை வை" என்றார்.

பின்னர் இருவரும் ஆய்வைத் தொடங்கினர். கத்தியை உருவி ஒரு பலகைமேல் கிடத்தி, ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் நோக்கினர். அது நேராகவே இருந்தது. சட்டத்தின் இருகோடிகளுக்கும் நூல் பிடித்து விரல்களைப் பார்த்தனர். மூன்று விரல்கள் கல்லில் மோதித் தாழ்ந்திருந்தன. அவற்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, அடித்தகடுகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு செய்தனர். அடித்தகடுகளுள் எட்டின் விளிம்பு உருண்டு போயிருந்தது. "நீ மேலலகைப் புதிதாக்கினாய், கீழலகை மறந்தாய். பாக்குவெட்டியின் ஓரலகு மட்டும் கூராக இருந்தால் பாக்கு நசுங்குமேயன்றி வெட்டுப்படாது" என்றார் பெரியவர். அவ்வெட்டுத் தகடுகளும் மாற்றப்பட்டன.

அடுத்து, கத்தியை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கும் பிடித்தகடுகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. இப்பிடிப்பு மிகத் தளர்ந்தால் கத்தி எழும்பிப் புல் இடையே புகுந்து மடியும். மிக இறுகினால் கத்தி உராய்ந்து சூடேறும். கத்தித் தகட்டின் முனை அடித்தகட்டைத் தொட்டிருக்க வேண்டும்; பிடித்தகட்டுக்கும் கத்திக்கும் நடுவே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெரியவர் தம் விரல்நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். "சரியாகத்தான் இருக்கின்றது" என்றார். ஆனால் அவர் குரலில் உறுதி இல்லை.

பேரன் தன் பையிலிருந்து ஃபீலர் கேஜ் ஒன்றை எடுத்தான். பல்வேறு கனமுள்ள மெல்லிய எஃகு இதழ்களைக் கொண்ட அக்கருவி, இடுக்குகளை அளப்பதற்கு உரியது. மிக மெல்லிய இதழும் பல இடங்களில் நுழைய மறுத்தது. பிடித்தகடுகள் அளவுக்கு மீறி அடித்து இறுக்கப்பட்டிருந்தன.

"இதனை இவ்வளவு இறுக்கியவர் யார், தாத்தா?" என்று அவன் கேட்டான்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நான்தான். இரண்டு ஆண்டுகளாகவே தட்டொலி கேட்டது. ஒலியை அடக்கப் பிடித்தகட்டை அடித்தேன். அடுத்த முறை இன்னும் சிறிது அடித்தேன். ஒலி குறைந்தது, பழுது குறையவில்லை. முன்பெல்லாம் விரலால் தொட்டாலே இடைவெளி தெரியும். இப்பொழுது விரலும் உணர்வதில்லை, கண்ணும் காண்பதில்லை. சொல்ல மனம் வரவில்லை" என்றார்.

தாத்தாவின் கைத்திறத்தைச் சிறுவயது முதல் வியந்து வந்தவன் அவன். அன்றுதான் அக்கைகளின் முதுமையைக் கண்டான். அவன் வேறொன்றும் சொல்லாமல், "அப்படியானால் தட்டொலி எங்கிருந்து வருகின்றது? நீங்கள் சொல்லுங்கள், நான் அளக்கின்றேன்" என்றான்.

அச்சொல் பெரியவரை ஊக்கிற்று. எல்லோரும் கையை எடுத்துவிட்டதைக் கேட்டறிந்த பின், பேரன் சக்கரத்தை மெல்லத் திருப்பினான். கத்தி ஒரு கோடிக்குச் சென்று நிற்கும்போது, ஒவ்வொரு கத்தித் தகடும் ஒரு விரலின் நடுவே நிற்றல் வேண்டும். மறுகோடியில் நிற்கும்போது அடுத்த விரலின் நடுவே நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றால்தான் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெட்டு முழுமை பெறும். இப்பொறியிலோ தகடுகள் விரலின் நடுவை அடையாமல் ஒரு விரற்கடை முன்னதாகவே திரும்பிவிட்டன. வெட்டுப்படாமல் எஞ்சிய தாள்கள் அடுத்த ஓட்டத்தில் நசுங்கின. பிட்மேன் கோலின் இருகோடிகளிலும் உள்ள புஷ்கள் தேய்ந்து அகன்றிருந்ததே இதற்கு ஒரு காரணம்.

மற்றொரு காரணம் சட்டத்தின் கிடக்கையில் இருந்தது. ஓடும்போது புல்லின் எதிர்ப்பினால் சட்டத்தின் வெளிக்கோடி பின்னோக்கித் தள்ளப்படும். ஆதலின், நிற்கும்போது அக்கோடி சிறிது முன்னே இருக்குமாறு அமைப்பர். ஒரு மீட்டர் நீளத்திற்கு இரண்டு சென்டிமீட்டர் என்பது கணக்கு. ஐந்தடிச் சட்டத்திற்கு மூன்று சென்டிமீட்டர் முன்னேற வேண்டும். நூல் பிடித்து அளந்தபோது, அக்கோடி முன்னே இல்லாதது மட்டுமன்றி இரண்டு சென்டிமீட்டர் பின்னே கிடந்தது. சட்டத்தைத் தாங்கும் கீல்முளைகள் தேய்ந்து மெலிந்திருந்தன. கோலும் கத்தியும் ஒரே நேர்கோட்டில் ஓடாமல் கோணலாக இழுபட்டன. தட்டொலி அதனால் எழுந்தது. வெளிக்கோடியில் ஒரு சாண் புல் வெட்டுப்படாமைக்கும் அதுவே காரணமாயிற்று.

"தாத்தா, நீங்கள் கேட்ட ஒலி உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றது" என்றான் பேரன்.

"ஆம்; நான்தான் அதன் வாயை அடைத்தேன்" என்றார் பெரியவர்.

இம்முளைகள் எக்கடையிலும் கிடைப்பன அல்ல. ஆனால் தொழிற்சாலைகள் பெருகிய இடத்தில் கடைசல் பட்டறைகளும் பெருகியுள்ளன. அத்தகைய சிறு பட்டறை ஒன்றுக்குத் தேய்ந்த முளைகளை எடுத்துச் சென்றான் பேரன். தேயாதிருந்த பகுதியின் குறுக்களவை அளந்து, அதனையே அளவாகக் கொண்டு எஃகு முளைகள் இரண்டும் வெண்கலப் புஷ்கள் நான்கும் கடைந்து வாங்கினான். பெருந்தொழிற்சாலைகளுக்கு உறுப்புகள் கடையும் அதே கடைசல் பொறியில், ஏலத்தில் வந்த பழைய பொறிக்கும் உறுப்புகள் பிறந்தன.

பிட்மேன் கோலைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபட்டது. அது கருவேல மரத்தால் ஆனது, ஒருபுறம் வெடித்திருந்தது. இரும்புக்குழாயில் செய்து வைத்தால் என்றும் ஒடியாது என்றான் பேரன். "ஒடியாதிருப்பதே அதன் குற்றமாகும். கத்தியிடையே ஒரு கம்பி சிக்கிக்கொண்டால் ஏதேனும் ஒன்று ஒடிந்தே தீரும். மரக்கோல் ஒடிந்தால் ஒரு நாளில் செதுக்கிக்கொள்ளலாம். கோல் ஒடிய மறுத்தால் சக்கரமும் கத்தித்தலையும் உடையும். எது ஒடிய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவன் அறிவாளி. மேலும், மரம் இலேசானது, நொடிக்கு முப்பது முறை நின்று திரும்பும் உறுப்பு இலேசாக இருப்பதே நன்று" என்றார் பெரியவர். பேரன் தன் தொழிற்சாலையில் மின்சுற்றைக் காக்கும் ஃபியூஸ் கம்பியை நினைத்துக்கொண்டான். மரக்கோலுக்கு இசைந்தான். வண்டி செய்வதற்கெனப் பரணில் உலரவைத்திருந்த கருவேலக் கட்டையிலிருந்து புதிய கோல் செதுக்கப்பட்டது.

நான்காம் நாள் காலையில், பனி உலர்ந்த பின், பொறி வயலில் இறங்கிற்று. தட்டொலி இல்லை, தையற்பொறி ஓடுவது போன்ற சீரான ஒலியே எழுந்தது. புல் ஒரே மட்டத்தில் அறுபட்டுச் சட்டத்தின்மேல் சாய்ந்து, பின்னே விரித்த பாய் போலக் கிடந்தது. வெளிக்கோடியில் உள்ள சாய்பலகை, அறுத்த புல்லை உட்பக்கமாக ஒதுக்கி, அடுத்த சுற்றுக்கு வழி விட்டது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் ஏக்கர் முடிந்தது. ஒருமுறை சட்டம் ஒரு கரையான் புற்றில் முட்டிற்று. பிணைப்பு விடுபட்டுச் சட்டம் பின்னே மடிந்து நின்றது. பேரன் டிராக்டரை நிறுத்தி, பின்னோக்கிச் செலுத்திச் சட்டத்தை மீண்டும் பூட்டினான். எதுவும் ஒடியவில்லை. நண்பகலுக்கெல்லாம் மூன்று ஏக்கரும் அறுபட்டன.

அறுத்தலோடு பணி முடிந்துவிடுவதில்லை. பசும்புல்லில் முக்காற்பங்கு நீரே. அது நூற்றுக்குப் பதினைந்து பங்காகக் குறையும் வரை உலர்த்த வேண்டும். நூறு கிலோ பசும்புல் முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த உலர்புல்லாக மாறும். ஈரத்தோடு போர் வைத்தால் பூசணம் பற்றும். உள்ளே வெப்பம் மிகுந்து தீப்பற்றுதலும் உண்டு. இரண்டு நாள்கள் காலையிலும் மாலையிலும் புல்லைப் புரட்டினர். மூன்றாம் நாள் பெரியவர் ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கினார். தண்டை நகத்தால் கீறினார். ஈரம் கசியவில்லை. புல் பசுமை மாறாமலும் நறுமணம் குன்றாமலும் போரேறிற்று. ஆறு பசுக்களின் கோடைக்காலம் அதனுள் அடங்கியிருந்தது.

அன்று மாலை, பொறியைத் துடைத்து வைக்கும் வேலை தொடங்கிற்று. ஓடும்போது நாள்தோறும் கிரீஸ் இடவேண்டிய முனைகள் இவை, பருவம் முடிந்தபின் கத்தியை உருவி எண்ணெய் பூசித் தனியே தொங்கவிட வேண்டும், வார்ப்பட்டையைத் தளர்த்தி வைக்க வேண்டும், சட்டத்தை மண்ணில் கிடத்தாமல் கட்டையின்மேல் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார் பெரியவர். பேரன் கேட்டான்: "இவற்றையெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கின்றீர்கள், தாத்தா?"

"எழுதுவதாவது! எல்லாம் கையில் இருக்கின்றன" என்று கூறிய பெரியவர், தம் இடக்கையைப் பார்த்தார், மேலே பேசவில்லை.

இளைஞன் உள்ளே சென்று ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு பொறியின் அருகிலும் ஓர் அட்டை தொங்கும். எந்நாளில் எண்ணெய் இடப்பட்டது, எவ்வுறுப்பு மாற்றப்பட்டது, அளவு யாது என்பன அதில் பதியப்படும். புதியதை வைப்பதே தொழிற்சாலையின் சிறப்பு என்று அவன் முதல்நாள் எண்ணியிருந்தான். அந்த அட்டையும் ஒரு சிறப்பே என்பது அப்பொழுதுதான் அவனுக்குத் தோன்றிற்று. பெரியவர் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: சட்டத்தின் முன்னேற்றம் 3 சென்டிமீட்டர், பிடித்தகட்டின் இடைவெளி அரை மில்லிமீட்டர், கீல்முளையின் குறுக்களவு இவ்வளவு, புஷ் மாற்றிய நாள் இன்னது, கோல் கருவேலம், இரும்பு கூடாது. எழுதியவற்றை உரக்கப் படித்தபோது, பெரியவர் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார்.

"எல்லாம் சரி, தம்பி. ஆனால் முதற்பக்கத்தில் எழுத வேண்டியதை நீ எழுதவில்லையே" என்றார்.

பேரன் ஒரு கணம் சிந்தித்தான். பின்பு, வெறுமையாக விட்டிருந்த முதற்பக்கத்தைத் திருப்பிப் பெரிய எழுத்துகளில் எழுதினான்: "பொறி நின்றாலும் கத்தி நின்றதாக எண்ணாதே."

பெரியவர் அதனைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். சாவியைத் தம் மடியிலிருந்து எடுத்துப் பேரனிடம் கொடுத்தார்.

பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் பிழை. பழையது என்பதற்காகவே அதன் பழுதை மறைப்பதும் பிழை. பழுதை ஒப்புக்கொண்டு, அளந்து, காரணம் கண்டு, அதனைத் திருத்தி, திருத்தியதை எழுதி வைத்தலே பேணுதல் ஆகும். பழம்பொறியிலும் புதுப்பொறியிலும் பணிபுரிவார் யாவரும் கைக்கொள்ளத்தக்க நெறி இது.